மணவூர் படியைத் தொட்டவள்

“எதைத் தொட்டுக் கும்பிட்டா?”

“படியைங்கம்மா. தோ, இந்தப் படியை.”

மணவூர் ரயில் நிலையத்தில் தந்தி வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஞானப்பிரகாசம், அறையை விட்டு வெளியே வந்தே காட்டினார். ஜன்னலுக்கு முன்னால் ஒரே ஒரு கருங்கல் படி. ஓரத்தில் வெற்றிலைக் கறை, நடுவில் ஒரு விரிசல். கும்பிடத் தோன்றும்படி அதில் எதுவும் இல்லை.

பஞ்சாட்சரம் மண்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தான். “அக்கா, இதுல சாமி எதுவும் இல்ல. ஒரு பீடித்துண்டுதான் இருக்குது. அதைக் கும்பிட்டிருந்தா பக்தி ரொம்ப முத்திப்போச்சுன்னு அர்த்தம்.”

தபிதாள் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் சிரித்துப் பஞ்சாட்சரம் பார்த்ததே இல்லை. அரக்கோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் உட்கார்ந்து ஊரார் குரலையெல்லாம் காதில் வாங்கியவள் அவள். யார் பொய் சொல்கிறார்கள் என்பது ‘அலோ’ என்ற முதல் வார்த்தையிலேயே தெரிந்துபோகிறதே, இதை ஏன் இலவசமாகச் செய்கிறோம் என்று ஒரு நாள் தோன்ற, வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். வயது நாற்பத்தெட்டு. பஞ்சாட்சரம் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்பு பதினாறு வருஷம் நாடகக் கம்பெனியில் காமெடியனாக இருந்தவன். கம்பெனி தானாக மூடிக்கொண்டதா, அவன் நடிப்பைப் பார்த்து மூடினார்களா என்பதில் இரண்டு கட்சி உண்டு.

வழக்கு இதுதான். கே.ஜி.கண்டிகை நெசவுக் குடும்பத்துப் பெண் அம்சா, வயது இருபது, டெல்லியில் மத்திய சர்க்கார் நடத்தும் நாடகப் பள்ளிக்கு மனுப் போட்டாள். மெட்ராஸில் நடந்த தேர்வில் நடித்துக் காட்டி இடமும் வாங்கிவிட்டாள். மூன்று வருஷப் படிப்பு, தங்க இடம், மாதாமாதம் உதவித்தொகை. பெட்டி கட்டும் நேரத்தில், போன வாரம் வியாழக்கிழமை, அம்சாவின் பெயரிலேயே அந்தப் பள்ளிக்கு ஒரு தந்தி போய்விட்டது. ‘எனக்கு இடம் வேண்டாம். வரவில்லை. அம்சா.’

அம்சா அதை அனுப்பவில்லை. உங்கள் தந்தி கிடைத்தது என்று பள்ளி பதில் அனுப்பியபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. பதறிப்போய், நான் வருகிறேன் என்று அவளும் ஒரு தந்தி அடித்துவிட்டுத் தபிதாளிடம் ஓடிவந்தாள். நேற்று தபிதாள் டெல்லிக்கு டிரங்க் கால் போட்டுப் பேசியபோது, அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே விஷயத்தைச் சொன்னார். “ஒரே பெயரில் ஒன்று வரவில்லை என்கிறது, இன்னொன்று வருகிறேன் என்கிறது. நாங்கள் எதை நம்புவது? முதல் தந்தியை அனுப்பியவர் யாரோ அவரே அதை வாபஸ் வாங்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்த தந்தியாக இருக்க வேண்டும். அப்புறம் பட்டியலில் அடுத்த பெயர்.” மணவூரிலிருந்து கிளம்பிய தந்தி அது என்று தாளைப் பார்த்துச் சொன்னவரும் அவர்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. ஸ்டேஷன் கடிகாரத்தில் பத்தே கால்.

“மூஞ்சியைப் பாத்தீங்களா?” என்று தபிதாள் கேட்டாள்.

“முக்காடு போட்டுகினு இருந்தாங்க. நல்ல வெயிலு, நானும் தப்பா நெனைக்கல. ஆனா சின்னப் பொண்ணுங்கம்மா. இருபது வயசுக்கு மேல ஒரு நாள் இருக்காது. குரலே சொல்லிடுச்சே! நடையும் அப்படித்தான், துள்ளிகினு வந்துச்சு. அட்ரசை ஒரு துண்டுச் சீட்டுல காட்டினாங்க. விஷயத்தைத் தமிழ்ல சொன்னாங்க, நான் இங்கிலீஷ்ல எழுதினேன்.”

“குரல் எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க.”

“அப்ப ஒரு கூட்ஸ் வண்டி கடகடன்னு போய்கினு இருந்துச்சு. கேக்கலைம்மா, கத்திச் சொல்லுன்னேன். அது கத்தலை. சும்மாதான் சொல்லுச்சு. ஆனா அந்தக் கடைசி பெஞ்சுல தூங்கிகினு இருந்த போர்ட்டர் எழுந்து உக்காந்துட்டாரு.”

தபிதாள் அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். ஜன்னலுக்கும் அதற்கும் எண்பது அடி இருக்கும். அதே போர்ட்டர் இப்போதும் அதே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்.

வாடகைக் காரில் ஏறியதும் அவள் கேட்டாள். “பஞ்சு, நீ மேடை ஏறுறதுக்கு முன்னால இன்னா பண்ணுவ?”

“பயப்படுவேன்.”

“அதுக்கும் முன்னால?”

“அதுக்கு முன்னால... தரையைத் தொட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திப்பேன். கம்பெனில முதல் நாள் பழகுறது. அதைப் பண்ணாம ஏறினா வாத்தியார் முதுகுல...” பஞ்சாட்சரத்தின் வாய் திறந்தபடி நின்றது. “அக்கா!”

“ஆங். டிரைவர், வண்டியை எடுங்க.”

“வந்தவ தந்தி அடிக்க வரல. நடிக்க வந்திருக்கா!”

“வேற ஆளா மாறப்போற நேரத்துல கை தானா கீழே போயிடுச்சு. அது அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இன்னொண்ணும் இருக்குது. கூட்ஸ் வண்டிச் சத்தத்துல, கத்தாம, எண்பது அடிக்குக் குரலை அனுப்புற தொண்டை இப்ப யாருக்குப்பா இருக்குது? மைக்கைக் கடிச்சிகினு பேசுறவங்களால முடியுமா? மைக் இல்லாத காலத்துல மேடையில நின்ன தொண்டை அது. அப்படின்னா வயசு?”

“முப்பத்தஞ்சு, நாப்பது. இல்லாட்டி ஐம்பது.”

“ஆக, இருபது வயசுப் பொண்ணு யாரும் வரல. இருபது வயசுப் பொண்ணா நடிச்ச ஒரு ஆளு வந்திருக்குது. டெல்லி அட்ரஸ் தெரிஞ்ச ஆளு. அந்த வீட்டுக்குள்ள போய்வர்ற ஆளு.”

நோட்டைப் பிரித்து, அந்த வியாழக்கிழமை யார் எங்கே இருந்தார்கள் என்று நேற்று எழுதியதை அவள் வாசித்தாள். அப்பா மணவாளன் நாள் முழுக்கத் தறியில். அம்மா வரலட்சுமி, மகள் பயணம் நல்லபடி முடியவேண்டும் என்று திருத்தணி மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பினாள். அம்சா அன்று சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா எல்லப்பன் எங்கே இருந்தார் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

“எல்லப்பன்!” என்று பஞ்சாட்சரம் தொடையில் தட்டினான். “கூத்துல முப்பது வருஷமா ராணி வேஷம் கட்டுறவரு. சீலை கட்டினா பொண்டாட்டிக்கே சந்தேகம் வந்துடும்னு சொல்றாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு மேடை ஏறினா கிரீடத்தைக் கழட்டிக் கிணத்துல போடுவேன்னு ஊர் நடுவுல கத்தினவரு. கேஸ் முடிஞ்சுதுக்கா. மத்தியான சாப்பாடு எங்க?”

“முடியட்டும், சொல்றேன்” என்றாள் தபிதாள்.

கே.ஜி.கண்டிகை டீக்கடை வாசலில் அம்சா காத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். கண்ணில் தூக்கம் இல்லை, ஆனால் அழுத அடையாளமும் இல்லை. அழுவதற்கு அவளுக்கு நேரம் இல்லை என்று பஞ்சாட்சரத்துக்குத் தோன்றியது. பெரியப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்றதும், நானும் வருவேன் என்று முன்னால் நடந்தாள்.

“எனக்கு ஒரு சந்தேகம்மா” என்றான் பஞ்சாட்சரம். “நடிக்க மூணு வருஷம் படிக்கணுமா? எங்க வாத்தியார் மூணே நாள்ல பிரம்பாலயே சொல்லிக்குடுத்துட்டாரு.”

“அதனாலதாண்ணே உங்க கம்பெனியை மூடிட்டாங்க.”

தபிதாள் இருமினாள். வேலை நேரத்தில் அவள் சிரிப்புக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

“குரலைப் பழக்குறது, உடம்பைப் பழக்குறது, மேடை கட்டுறது, வெளிச்சம் போடுறது, துணி தைக்கிறது, எல்லாம் பாடம்ணே” என்றாள் அம்சா. “படிச்சு முடிச்சா நாடகக் குழுவுல சேரலாம், ரேடியோவுல சேரலாம், நானே நாடகம் போடலாம். நான் யாருன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையில குடுப்பாங்க. அப்புறம் யாரும் வேற பேர் வச்சுக் கூப்பிட முடியாது.”

அம்மன் கோயில் திடலில், கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய கட்டைக் கிரீடத்தை மடியில் வைத்துப் பசை தடவிக்கொண்டிருந்தார் எல்லப்பன். ஐம்பத்திரண்டு வயது. தோள் வரை முடி, மழித்த முகம், திருத்திய புருவம். தபிதாள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. முடித்ததும் வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் துண்டும் இருந்தன.

“இது இன்னான்னு தெரியுமா?”

“காப்பு” என்றாள் தபிதாள்.

“போன வாரம் செவ்வாக்கெழமை ஊரே பாக்கக் கட்டினது. நாளன்னைக்குத் தீமிதி முடிஞ்சாத்தான் அவுப்பாங்க. காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டினா கூத்து நின்னுபூடும். மணவூருக்கு நான் எப்படிம்மா போவேன், பறந்தா? அந்த வியாழக்கெழமை விடியவிடிய ஆடிட்டு, பகல் பூரா இதே அரச மரத்தடியில படுத்துகினு இருந்தேன். ஊரைக் கேளு.” அவர் கிரீடத்தைக் கீழே வைத்தார். “இன்னொண்ணும் சொல்றேன் கேட்டுக்கோ. நாங்க மண்ணுல ஆடுறவங்க. எங்களுக்கு மேடை ஏது, படி ஏது? சலங்கையைத்தான் தொட்டுக் கண்ணுல ஒத்திப்போம். பலகை மேடையில நிக்கிற நாடகக்காரங்கதான் ஏறுற எடத்தைத் தொடுவாங்க. இவளைத் தடுக்கணும்னா இதே திடல்ல நின்னு தடுப்பேன். ஒளிஞ்சுகினு தந்தி அடிக்கிற பொழப்பு எனக்கு எதுக்கு?”

“நல்லா தடுப்பீங்க பெரியப்பா” என்றாள் அம்சா. “முப்பது வருஷமா எங்க அம்மா சீலையையும் பெரியம்மா சீலையையும் வாங்கிக் கட்டிகினு ஆடுறீங்க. ஊரே கும்பிடுது. என் சீலையை நானே கட்டிகினு நான் ஆடினா மட்டும் குடும்ப மானம் போயிடுமா?”

எல்லப்பன் பசைக் கிண்ணத்தைக் கிளறத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் பஞ்சாட்சரத்துக்குச் சோறும் மறந்துபோயிற்று. “காப்பு விஷயம் நிஜமாக்கா?”

“காப்பைக் கட்டிகினு எல்லை தாண்ட அவருக்குத் தைரியம் வராதுப்பா. மணி ஒண்ணு ஆவுது. நாலு மணி நேரம் இருக்குது.” தபிதாள் சட்டென்று அம்சா பக்கம் திரும்பினாள். “ஏம்மா, போன வியாழக்கெழமை உங்க அம்மா மலைக்குப் போய் வந்தாங்களே, திருநீறு பூசி விட்டாங்களா?”

அம்சா யோசித்தாள். “இல்லீங்க. எதுவும் கொண்டாரலையே.”

“மெட்ராஸ்ல நடிச்சுக் காட்டினியே, அந்த வசனம் எங்க கிடைச்சுது?”

“பரண்ல ஒரு பழைய நோட்டு இருந்துச்சு. யாரோ ராஜா மவ கதை. நைனா எடைக்கு வாங்கினதுன்னு அம்மா சொன்னாங்க. படிச்சுப் படிச்சு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.”

தபிதாள் தலையாட்டிவிட்டு நடையை வேகப்படுத்தினாள்.

அம்சாவின் வீடு ஒரே நீளக் கூடம். அதில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. நூல் வாங்கப் போயிருந்த மணவாளனுக்குப் பதிலாக, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த வரலட்சுமி, வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள். நாற்பது வயது இருக்கும். வாய் திறந்து பேசினால் தறிச் சத்தத்தில் காணாமல் போகும் குரல்.

“நீங்க நெய்ங்கம்மா” என்றாள் தபிதாள். “சும்மா ஒரு விஷயம் பாக்கணும். மெட்ராஸ்ல அம்சா இன்னா நடிச்சான்னு எனக்கு ஒரு தடவை காட்டச் சொல்றேன். ராஜாவா பஞ்சு நிப்பான்.”

“நாடகம்னா எனக்கு இன்னான்னே தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு வரலட்சுமி ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தறியின் குறுக்கே எறிந்தாள்.

பஞ்சாட்சரத்துக்குப் பத்து வருஷம் கழித்துக் கிடைத்த வேஷம். அதுவும் ராஜா வேஷம். அம்சா நோட்டைக் கொடுத்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தன் மகளாக நிற்கும் அம்சாவின் முகத்தை முறைத்துப் பார்த்து அவன் முழங்கினான்.

“மகளே! கோட்டைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன். இனி உனக்கு வெளியே வழி இல்லை!”

“சாத்தச் சொன்னது உங்கள் வாய். திறக்கப்போவது என் கை” என்றாள் அம்சா. சாதாரணமாகத்தான் சொன்னாள். பஞ்சாட்சரத்தின் முதுகில் சிலிர்த்தது. சிலிர்ப்பில் அடுத்த வரியை மறந்துவிட்டு, முதல் வரியையே இன்னும் பலமாக முழங்கினான்.

தறிச் சத்தம் தடுமாறியது.

“இன்னொரு தடவை” என்றாள் தபிதாள்.

பஞ்சாட்சரம் இந்த முறை மீசையை முறுக்கினான். ஒரு காலைத் தூக்கித் தரையில் அறைந்தான். “மகளே! கோட்டைக் கதவை...”

தறி நின்றுவிட்டது.

“அப்படி இல்லீங்க” என்றாள் வரலட்சுமி. “நீங்க எதுக்கு அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்றீங்க?”

“கோவமா சொல்லணும் இல்லீங்களா?”

“கோவம் எங்கங்க இருக்குது அதுல? கதவைச் சாத்தச் சொல்றவன் மவ மூஞ்சியைப் பாக்கவே கூடாது. பாத்தா சாத்த மனசு வராது. அந்தாண்ட திரும்பிகினு, யாருக்கோ சொல்ற மாதிரி...” அவள் குழியிலிருந்து எழுந்தாள். கூடத்தின் நடுவில், அவர்கள் நின்ற இடத்துக்கு வந்தாள். நிற்பதற்கு முன்னால் குனிந்து, வலது கை விரல்களால் தரையைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

வரலட்சுமி தன் கையையே பார்த்தாள். பிறகு தபிதாளைப் பார்த்தாள். தனக்கு வைத்த பொறி எது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மகளுக்காக மலை ஏறின தாய் திருநீறு இல்லாம வரமாட்டாங்கம்மா” என்று தபிதாள் மெதுவாகச் சொன்னாள். “நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கே அது தெரியும். எத்தனை வருஷம் மேடையில இருந்தீங்க?”

“எட்டு வருஷம்” என்றாள் வரலட்சுமி. இந்தக் குரல் வேறு. தறிச் சத்தத்தில் காணாமல் போகாத குரல். “ஒம்பது வயசுல ஏறினேன். பதினேழுல இவங்க நைனா வந்து கூட்டிகினு வந்தாரு. நகரி மணியம்மைன்னா புத்தூர்ல இருந்து திருவாலங்காடு வரைக்கும் நோட்டீஸ் ஒட்டுவாங்க. அந்த நோட்டு என்னுதுதான்.”

அம்சா சுவரில் சாய்ந்தாள். “நீயாம்மா?”

“இவங்க நைனாவுக்கு மட்டும் தெரியும். இவங்க பெரியப்பாவுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. மேடையில நிக்கிற வரைக்கும் ராஜகுமாரிடி. கீழே இறங்கினா கூப்பிடுற பேரே வேற. சந்தைக்குப் போனா முதுகுக்குப் பின்னால சொல்லுவான். சத்திரத்துல எடம் குடுக்க மாட்டான். அதெல்லாம் உனக்கு வேண்டாம்னுதான் பேரையே பொதைச்சிட்டு இங்க உக்காந்து நெய்துகினு இருக்கேன். நீ டெல்லிக்குப் போனா பேப்பர்ல போடுவாங்க. யாரு மவன்னு கேப்பாங்க. நோண்டுவாங்க.”

“அதுக்காக என் பேரை நீ எடுத்துகினு போய் என்னையே வேணாம்னு சொல்லிட்டியா?”

“ஆமாம்.” வரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. “டெல்லியில எல்லாம் சொல்லிக் குடுப்பாங்கன்னியே. ஏற, பேச, நடக்க. கீழே இறங்கித் தெருவுல நடக்கிறதுக்கு ஏதாவது பாடம் இருக்குதா அங்க?”

பதினாறு வருஷம் பஞ்சாட்சரமும் அந்தத் தெருவில்தான் நடந்திருக்கிறான். பெண் கேட்டுப் போன நான்கு வீடுகள் நாடகக்காரனுக்கு இல்லை என்று கதவைச் சாத்தியதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அம்சா அம்மாவுக்கு நேர் எதிரில் வந்து நின்றாள்.

“அந்தப் பாடம் அங்க இல்லாட்டி நான் கண்டுபிடிக்கிறேன். நீ வாபஸ் வாங்கலைன்னா அடுத்த வருஷம் மனுப் போடுவேன். அதுக்கு அடுத்த வருஷமும் போடுவேன். எத்தனை தந்தி அடிப்ப, அடி. உன்னைப் பேசினவங்க முன்னாலதான் நான் ஏறப்போறேன். யாரு மவன்னு கேட்டா நகரி மணியம்மை மவன்னு சொல்லுவேன். கேக்காட்டியும் சொல்லுவேன். நீ வெக்கப்படு. எனக்கு வெக்கமா இல்ல.”

கூடத்துச் சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

வரலட்சுமி நெடுநேரம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தால் சாத்த மனசு வராது என்று சற்று முன்பு அவளே சொன்னதைப் பஞ்சாட்சரம் நினைத்துக்கொண்டான். கடைசியில் அவள் கையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

“மணவூருக்கு எவ்வளவு நேரம் ஆவும்?” என்று தபிதாளிடம் கேட்டாள்.

“இங்க பக்கத்துல திருத்தணியிலயே அடிக்கலாமே” என்றான் பஞ்சாட்சரம்.

“எந்த ஜன்னல்ல போச்சோ அந்த ஜன்னல்ல நின்னு எடுக்கணும்” என்றாள் வரலட்சுமி.

“அதுவும் சரிதான்” என்றாள் தபிதாள். “அதே ஆளுன்னு சாட்சி சொல்ல அந்த மனுஷன்தான் இருக்காரு.”

ஊர் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் எல்லப்பன் நின்றுகொண்டிருந்தார். காரைக் கைகாட்டி நிறுத்தினார். “வரலட்சுமி, இவங்களோட எங்க போற?”

வரலட்சுமி காரிலிருந்து இறங்கினாள். இத்தனை வருஷத்தில் கணவனின் அண்ணன் முன்னால் அவள் தலை நிமிர்ந்து நின்றதில்லை. “மணவூருக்குப் போறேன் பாவா. தந்தி அடிச்சது நான்தான். நான் அனாதைப் பொண்ணுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்யி. நான் நகரி மணியம்மை. எட்டு வருஷம் மேடையில நின்னவ. என் மவளும் நிப்பா.”

எல்லப்பனின் முகம் கறுத்தது. அவள் திரும்பக் காரில் ஏற, கார் எல்லைக் கல்லைத் தாண்டி நகர்ந்தது. “நில்லு! நில்லுன்றேன்!” என்று கையை ஓங்கிக்கொண்டு நாலு அடி எடுத்து வைத்தவர், எல்லைக் கல் காலில் இடித்ததும் மணிக்கட்டுக் காப்பைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

“நாளன்னைக்கு அவுத்தப்புறம் வாங்க பெரியப்பா” என்று அம்சா காருக்குள்ளிருந்து சொன்னாள். “நான் டெல்லி ரயில்ல இருப்பேன்.”

மணவூர் ஸ்டேஷன் கடிகாரம் நாலு முப்பத்தைந்து காட்டியது. ஞானப்பிரகாசம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“மன்னிக்கணும்மா. அன்னைக்கு வந்தது இவங்க இல்ல. அது சின்னப் பொண்ணு. நான் சத்தியமா சொல்றேன். இவங்கதான் அனுப்பினதுன்னு நான் எப்படி எழுதுவேன்? என் வேலை போயிடும்.”

“சார், இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்குது” என்று பஞ்சாட்சரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அந்தப் பொண்ணும் இவங்களும் ஒரே ஆளு சார்!”

“என் கண்ணை நான் நம்ப வேணாமா?”

தபிதாள் வரலட்சுமியைத் திரும்பிப் பார்த்து ஓரமாக விலகி நின்றாள்.

வரலட்சுமி பிளாட்பாரத்தில் பத்தடி பின்னால் போனாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கிருந்து நடந்து வந்தபோது அவள் இடுப்பில் நாற்பது வயது இல்லை, குதிகாலில் தறிக்குழி இல்லை. ஜன்னலுக்கு முன்னால் வந்து குனிந்து கருங்கல் படியைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அம்சாவின் குரலிலேயே பேசினாள்.

“சார், டெல்லிக்கு ஒரு தந்தி குடுக்கணும்.”

ஞானப்பிரகாசத்தின் பேனா மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கவும் தோன்றாமல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அம்சா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதுதான் அவள் அழுதாள்.

“எழுதுங்க சார், மணி ஆவுது” என்றான் பஞ்சாட்சரம்.

ஞானப்பிரகாசம் வேறு பேனாவைத் தேடி எடுத்தார். “சொல்லுங்கம்மா. இன்னா எழுதணும்?”

“முதல் தந்தி அம்சா அனுப்பினது இல்ல. அம்சாவா நான் நடிச்சேன். அதை வாபஸ் வாங்குறேன். என் மகள் வர்றா.”

அவர் எழுதினார். ஒவ்வொரு வார்த்தையாக எண்ணினார். “அனுப்புறவங்க பேரு? வரலட்சுமின்னு போடட்டுங்களா?”

அவள் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். முகத்தில் வெயில் விழுந்தது. மகளின் குரலை விட்டுவிட்டாள். தறிக்குழியில் உட்கார்ந்து பேசிய குரலையும் விட்டுவிட்டாள். இருபத்து மூன்று வருஷமாகப் புதைத்து வைத்திருந்த சொந்தக் குரலில், கத்தாமல், சும்மாதான் சொன்னாள்.

“நகரி மணியம்மை. நாடக நடிகை.”

கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த போர்ட்டர் எழுந்து உட்கார்ந்தார்.